பின்வாசல் பக்கமா போன ஒரு வருஷம்: டவுன்டவுன் குடியிருப்போர், வியாபாரிகள் சங்க ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவுல இருக்கறவங்களுக்கும், வருஷா வருஷம் சந்தா கட்டி இந்த சங்கத்த நிக்க வைக்கற எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன பொதுக்குழுவுல அறிக்கைய வேகமா வாசிச்சு முடிச்சுட்டேன், பின்னாடி உக்காந்திருந்தவங்களுக்கு ஒண்ணுமே புரியலன்னு நிறைய பேர் சொன்னாங்க. அவங்க சொன்னது நியாயம்தான். அதனால இந்தத் தடவ கூட்டத்துக்கு முன்னாடியே முழுசா டைப் பண்ணி அனுப்பறேன், படிச்சுட்டு வந்தீங்கன்னா கூட்டத்துல நேரா கேள்விக்குப் போயிடலாம்.

வழக்கமான விஷயங்கள முதல்ல முடிச்சிடறேன். செயற்குழு மாசா மாசம் கூடுச்சு, ஒரு மாசம் மட்டும் கோரத்துக்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை இல்லாம தள்ளி வச்சோம். வரவு செலவு கணக்க பொருளாளர் தனியா வைப்பார். தெருவிளக்கு விஷயம் முடிஞ்சுது, மெயின் ரோட்டு மரங்களுக்கு எண் போடற வேல பாதில நிக்குது. அவ்வளவுதான். மத்த நேரம் பூரா நமக்குப் போனது ஒரே விஷயத்துக்குத்தான், அது உங்க எல்லாருக்கும் தெரியும், புதுசா வர்ற ஹோட்டல்களும் ரெஸ்டாரண்ட்களும்.

ஒரு வார்த்தை குழப்பத்த இங்கயே சரி பண்ணிக்கலாம். நம்ம பேச்சுல ஹோட்டல்னா சாப்பிடற கடையும் ஹோட்டல்தான், ரூம் போட்டு தங்கறதும் ஹோட்டல்தான், இதனாலயே ரெண்டு கூட்டத்துல ஆளுக்கொரு விஷயத்தப் பத்தி அர மணி நேரம் சண்ட போட்டோம். இந்த அறிக்கைல ஹோட்டல்னா தங்கற இடம், ரெஸ்டாரண்ட்னா சாப்பிடற இடம்.

இப்ப நம்ம ஏரியால நடக்கறது மூணு. ஒண்ணு, காலியா கிடந்த ஆபீஸ் கட்டடத்த ஹோட்டலா மாத்தற வேல. ரெண்டு, மூலைல இருக்கற காலி மனைல புதுசா ஒரு ஹோட்டல் கட்ட பிளான் போட்டிருக்காங்க. மூணு, நடுத்தெருவுல வரிசையா மூடிக் கிடந்த கடைகள ஒவ்வொண்ணா ரெஸ்டாரண்ட் ஆக்கிட்டு வர்றாங்க. சங்கத்துல ஆரம்பத்துல ரெண்டு கட்சி இருந்துச்சு, கொஞ்சம் பேர் "வரட்டும், ஊரே இருட்டா கிடக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மனுஷன் நடமாட்டமே இல்ல"ன்னாங்க, கொஞ்சம் பேர் "வேணவே வேணாம், வாடகை ஏறிடும், தூக்கம் போயிடும்"னாங்க. ரெண்டு பக்கமும் சொன்னதுல உண்மை இருக்கு. ஆனா வருஷம் முடியற நேரத்துல, செயலாளரா எனக்குத் தெளிவா ஆன விஷயம் ஒண்ணுதான், அத முதல்லயே சொல்லிடறேன். ஒரு ஹோட்டல் நம்ம தெருவுக்கு நல்லதா கெட்டதாங்கறத அதோட முன்வாசல் முடிவு பண்றதில்ல, பின்வாசல்தான் முடிவு பண்ணுது. பின்வாசலப் பத்தி பேசறதுக்கு ஒரே நேரம்தான் இருக்கு, அது பிளான் காகிதத்துல இருக்கும்போது. காங்கிரீட் போட்டதுக்கு அப்புறம் நாம என்ன கத்தினாலும் ஒண்ணும் நகராது.

இத நாங்க கத்துக்கிட்டது ஆபீஸ் கட்டட விஷயத்துல. கம்பெனிக்காரங்க விளக்கக் கூட்டத்துக்கு வந்தப்ப பெரிய பெரிய கலர் படம் கொண்டு வந்தாங்க, லாபி, கண்ணாடி, மாடில செடி, எல்லாம் நல்லா இருந்துச்சு, நானும் பாத்து சந்தோஷப்பட்டேன். நம்ம சங்கத்துல பில்டிங் இன்ஜினியரா வேல பாத்து ரிட்டையர் ஆன ஒரு பெரியவர் இருக்கார், அவர் மட்டும் படத்தப் பாக்கவே இல்ல. "தம்பி, கிரவுண்ட் ஃப்ளோர் டிராயிங் இருக்கா, லாரி எங்க நிக்கும்னு காட்டுங்க"ன்னு கேட்டார். லாரி எங்க நிக்கும்னு டிராயிங்குல இல்ல. வண்டி உள்ள வந்து நின்னு சரக்கு இறக்கற லோடிங் பேன்னு ஒண்ணு போடவே இல்ல, சரக்கு வண்டி பூரா நம்ம பின்பக்கச் சந்துலதான் நிக்கணும், அதே சந்துலதான் நம்ம வீடுகளோட படுக்கை அறை ஜன்னல் இருக்கு, அதே சந்துலதான் மருந்துக்கடைக்கும் தையல் கடைக்கும் பின்கதவு இருக்கு.

ஒரு ஹோட்டல் எத்தன வண்டிய இழுக்கும்னு யோசிச்சுப் பாருங்க. துணி வெளுக்க வெளிய அனுப்பறதா இருந்தா அழுக்குத்துணி போகணும், வெளுத்த துணி வரணும். காய்கறி, மீன் கறி, பால், ரொட்டி தனித்தனி வண்டி, ஒவ்வொருத்தரும் வெவ்வேற நேரம். குடிக்கற பாட்டில், காலி பாட்டில். குப்பை வண்டி. கேஸ். ரிப்பேருக்கு வர்றவங்க. இது போக காலைல செக் அவுட் பண்றவங்களுக்கும் மத்தியானத்துக்கு மேல செக் இன் பண்றவங்களுக்கும் வர்ற கார். ரூம் வியாபாரத்துல ஒரு விஷயம் உண்டு, இன்னைக்கு ராத்திரி விக்காத ரூம நாளைக்கு எடுத்து விக்க முடியாது, அது போனது போனதுதான். அதனால அவங்க எப்பவும் பாக்கறது எத்தன ரூம் நிரம்புதுங்கற கணக்க, அத ஆக்குபன்சின்னு சொல்றாங்க, 100 ரூம்ல 70 நிரம்புனா 70 சதவீதம். அதோட சராசரி வாடகைய பெருக்கி, இருக்கற ரூம் ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு வருதுன்னு பாப்பாங்க. அந்தக் கணக்குல சந்துல லாரி எவ்வளவு நேரம் நிக்குதுங்கறதுக்கு இடமே கிடையாது. அவங்கள குத்தம் சொல்றதுக்காக இத எழுதல, அவங்க தொழில் அது. அந்தக் கணக்குல இல்லாதத கேக்கறதுக்குத்தான் சங்கம் இருக்கு.

நாலு மாசம் பேசினோம். கடைசில கட்டடத்துக்குள்ளயே ஒரு லாரி ரிவர்ஸ்ல போய் நிக்கற அளவுக்கு இடம் ஒதுக்க ஒத்துக்கிட்டாங்க, அதுக்காக லாபிய கொஞ்சம் சுருக்கினாங்க. ராத்திரி பத்து மணில இருந்து காலைல ஏழு வரைக்கும் சரக்கு இறக்க மாட்டோம்னு எழுத்துல வாங்கினோம். லாரி ரிவர்ஸ்ல வரும்போது பீப் பீப்னு கத்தற சத்தத்துக்குப் பதிலா உஸ்ஸுன்னு காத்து மாதிரி சத்தம் போடற அலாரம் இருக்கு, அது பக்கத்துல நிக்கறவங்களுக்குக் கேக்கும், தூரம் போனா சீக்கிரமே அடங்கிடும், அந்த அலாரம் வச்ச வண்டியா வரணும்னும் கேட்டோம், அத இன்னும் ஒத்துக்கல, பேசிட்டிருக்கோம்.

அந்தக் கட்டடத்துல இன்னொரு விஷயம். ஆபீஸ ஹோட்டலா மாத்தறது கேக்க சுலபம், செய்ய ரொம்ப கஷ்டம். ஆபீஸ்ல ஒரு மாடிக்கு ரெண்டு இடத்துல கழிவறை இருந்தா போதும், ஹோட்டல்ல ஒவ்வொரு ரூமுக்கும் வேணும். 1908ல அமெரிக்காவுல பஃபலோ ஊர்ல ஸ்டாட்லர்ங்கறவர் கட்டுன ஹோட்டல்ல ஒவ்வொரு ரூமுக்கும் தனி குளியலறை வச்சார், அதுக்கு அவர் பண்ண வழி என்னன்னா ரெண்டு ரூமோட குளியலறைய முதுகோட முதுகா ஒட்ட வச்சு நடுவுல குழாய்க்குன்னு ஒரே ஒரு ஷாஃப்ட், கீழ இருந்து மேல வரைக்கும். இன்னைக்கும் அந்த மாதிரிதான் கட்டறாங்க. பழைய ஆபீஸ் கட்டடத்துல அந்த ஷாஃப்ட் இருக்காது, ஒவ்வொரு தளத்தையும் ஓட்டை போட்டுத்தான் இறக்கணும். அந்தக் கட்டடத்தோட பொதுச்சுவர ஒட்டி இருக்கற நம்ம ரெண்டு உறுப்பினர் வீட்டுல விரிசல் வந்துச்சு. வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வீட்டுக்குள்ள போட்டோ எடுத்து தேதியோட வைங்கன்னு பெரியவர் சொல்லி, ஒரு வீட்டுல எடுத்து வச்சிருந்தாங்க, அவங்களுக்கு கான்ட்ராக்டர் சரி பண்ணிக் குடுத்துட்டார். எடுக்காத வீட்டுக்கு இன்னைய வரைக்கும் பேச்சுவார்த்தைதான் நடக்குது. காலி மனைக்குப் பக்கத்துல இருக்கறவங்க தயவு செஞ்சு இந்த மாசமே போட்டோ எடுத்து வைங்க, சுவர், தரை, கதவு நிலை, கூரை மூலை எல்லாம். கேமரா இல்லாதவங்க சொல்லுங்க, நானே வந்து எடுத்துத் தர்றேன்.

அடுத்து எண்ணெய் விஷயம். இதப் பத்தி கொஞ்சம் நீளமா எழுதறேன், ஏன்னா போன மழைக்கு மூணு வீட்டுக்குள்ள சாக்கடைத் தண்ணி ஏறினது எங்க இருந்துன்னு நிறைய பேருக்கு இன்னும் தெரியல. நடுத்தெருவுல வரிசையா ரெஸ்டாரண்ட் வந்த இடத்துல எல்லாம் முன்னாடி துணிக்கடையும் செருப்புக்கடையும் இருந்துச்சு, அந்தக் கடைக்குப் போட்ட குழாய் கை கழுவற தண்ணிக்குப் போட்ட குழாய். சமையலறைல இருந்து சூடா போகும்போது எண்ணெயும் கொழுப்பும் தண்ணி மாதிரிதான் ஓடும், பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கொஞ்ச தூரம் போய் சூடு ஆறினதும் குழாய் சுவர்ல ஒட்டும், அங்க இருக்கற கால்சியத்தோட சேந்து சோப்பு மாதிரி இறுகிடும், அப்புறம் அதுல துணி, வெட் வைப்ஸ், முடி எல்லாம் போய் சிக்கும். லண்டன்ல ஒயிட்சேப்பல் பகுதில 2017ல சாக்கடைக்குள்ள இப்படி ஒரு கொழுப்புக் கட்டிய கண்டுபிடிச்சாங்க, 250 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 130 டன் எடை, அத உடைச்சு எடுக்க வாரக்கணக்கா ஆச்சு, அதுல ஒரு துண்ட மியூசியத்துலயே வச்சாங்க. நம்ம தெருவுல அவ்வளவு இல்ல, ஆனா அதே வேலதான் நடந்துச்சு.

இதுக்குத் தீர்வு புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்ல. கிரீஸ் டிராப்னு ஒரு தொட்டி, சமையலறை தண்ணி முதல்ல அதுல நின்னு மெதுவா போகணும், கொழுப்பு மேல மிதக்கும், மண்டி கீழ தங்கும், நடுவுல இருக்கற தண்ணி மட்டும் வெளிய போகும். தொட்டி வச்சா போதாது, காலி பண்ணணும். மேல மிதக்கறதும் கீழ தங்கறதும் சேந்து ஆழத்துல கால் பங்கு ஆயிட்டா எடுத்துடணும்ங்கறது இந்தத் தொழில்ல பரவலா இருக்கற கணக்கு, அதுக்கு மேல விட்டா தொட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான். நாங்க தெருவுல போய் ஒவ்வொரு ரெஸ்டாரண்ட்லயும் கேட்டப்ப, தொட்டி எல்லாத்துலயும் இருந்துச்சு, கடைசியா எப்ப காலி பண்ணீங்கன்னா ஒருத்தருக்கும் தேதி தெரியல. கோவமா போன நாங்க அவங்க நிலைமையப் பாத்து கொஞ்சம் இறங்கி வந்தோம். சின்ன கடைங்க, ரெண்டு மூணு பேர் சேந்து நடத்தறாங்க, தனித்தனியா வண்டி கூப்பிட்டா செலவு தாங்காது. துணைச் செயலாளர் அம்மா ஒரு யோசனை சொன்னாங்க, எல்லாக் கடைக்கும் சேத்து ஒரே நாள்ல ஒரே வண்டி வரட்டும், செலவ பங்கு போட்டுக்கலாம், தேதிய ஒரு அட்டைல எழுதி சமையலறைக் கதவுல ஒட்டணும்னு. இப்ப அது நடக்குது. ரெண்டு கடை மட்டும் சேரல, அவங்ககிட்ட திரும்பப் போவோம். அதுக்கப்புறம் வந்த மழைக்கு தண்ணி உள்ள ஏறல, இந்த வருஷத்துல எனக்கு மனசு நிறைஞ்ச விஷயம் இதுதான்.

அந்தச் சின்ன கடைங்களப் பத்தி இன்னொண்ணும் சொல்லணும். ரெஸ்டாரண்ட் ஆரம்பிச்சா நூத்துக்குத் தொண்ணூறு முதல் வருஷமே மூடிடும்னு கூட்டத்துல ஒருத்தர் சொன்னார், இது பல ஊர்லயும் சொல்ற பேச்சு, ஆனா சரியில்ல. அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல கொலம்பஸ் நகரத்த வச்சு பார்சாங்கற பேராசிரியரும் கூட இருந்தவங்களும் பண்ண ஆய்வு 2005ல வந்துச்சு, அதுல முதல் வருஷம் மூடறது கால்வாசிக்குக் கொஞ்சம் மேல, மூணு வருஷம் முடியும்போது பத்துல ஆறு. இதுவும் சின்ன எண் இல்ல. வரிசையா பத்து கடை ரெஸ்டாரண்ட் ஆகுதுன்னா மூணு வருஷத்துல ஆறு மாறலாம், மறுபடி உடைப்பு, மறுபடி தூசி, மறுபடி புது ஆள்கிட்ட கிரீஸ் டிராப் பாடம். அதனால கட்டட சொந்தக்காரங்களாவும் இருக்கற நம்ம உறுப்பினர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள், வாடகை ஒப்பந்தத்துலயே கிரீஸ் டிராப், சமையல் புகை போற எக்ஸாஸ்ட், குப்பை இந்த மூணையும் எழுதிடுங்க, ஆள் மாறினாலும் எழுத்து மாறாது. அதோட தெருவ முழுசா ரெஸ்டாரண்டுக்கே விட்டுடாதீங்க. ஜேன் ஜேக்கப்ஸ்னு ஒரு அம்மா 1961லயே நகரத் தெருக்களப் பத்தி எழுதினாங்க, ஒரு தெரு உயிரோட இருக்கணும்னா வெவ்வேற காரணத்துக்காக வெவ்வேற நேரத்துல ஜனங்க வரணும்னு. நம்ம தெருவுல அத கண்ணால பாக்கலாம், காலைல மருந்துக்கடை, மத்தியானம் தையல் கடை, ஜெராக்ஸ் கடை, சாயங்காலம் ரெஸ்டாரண்ட். எல்லாமே ரெஸ்டாரண்ட் ஆயிட்டா மத்தியானம் பூரா ஷட்டர் மூடிக் கிடக்கும்.

தீ விஷயத்துக்கு வர்றேன். இதப் பேசும்போது பயமுறுத்தறோம்னு ஹோட்டல்காரங்க நினைக்கறாங்க, அப்படி இல்ல. 1946 டிசம்பர்ல அட்லாண்டாவுல வைன்காஃப் ஹோட்டல்ல தீ பிடிச்சு 119 பேர் இறந்தாங்க, அந்த ஹோட்டல் தீயே பிடிக்காதுன்னு விளம்பரம் பண்ண ஹோட்டல், படிக்கட்டு ஒண்ணே ஒண்ணுதான், தீ பிடிச்சா தானா தண்ணி தெளிக்கற ஸ்பிரிங்க்ளர் கிடையாது. 1980 நவம்பர்ல லாஸ் வேகாஸ்ல எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல்ல தீ பிடிச்சு 85 பேர் இறந்தாங்க, தீ ஆரம்பிச்சது கீழ் தளத்துல ஒரு ரெஸ்டாரண்ட்ல, மின்சாரக் கோளாறு, அந்த இடத்துல ஸ்பிரிங்க்ளர் போடல. தீ பெரும்பாலும் கீழயேதான் இருந்துச்சு, ஆனா நிறைய பேர் இறந்தது மேல் மாடிகள்ல, படிக்கட்டு வழியாவும் லிஃப்ட் ஷாஃப்ட் வழியாவும் ஏறின புகையால. கீழ ரெஸ்டாரண்ட், மேல குடியிருப்புன்னு இருக்கற நம்ம நடுத்தெருக் கட்டடங்களுக்கும் இது அப்படியே பொருந்தும், ஹோட்டலுக்கு மட்டும் உள்ள கத இல்ல. சமையல் புகைய வெளிய கொண்டு போற எக்ஸாஸ்ட் டக்ட் உள்பக்கம் எண்ணெய் படியும், துடைக்காம விட்டா அடுப்புல எழும்பற ஒரு தீ டக்ட் வழியா மாடி வரைக்கும் ஓடிடும். டக்ட் எந்த வழியா போகுது, எங்க முடியுது, கழுவறதுக்குக் கதவு இருக்கா, இந்த மூணு கேள்விய எல்லா இடத்துலயும் கேட்டோம். ஒரு இடத்துல டக்ட் நம்ம மூணாவது மாடி பாட்டி வீட்டு ஜன்னலுக்கு நேரா முடிஞ்சுது, பாட்டி ஒரு வருஷமா ஜன்னல தொறக்கவே இல்லையாம், யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு, பக்கத்துலயே இருந்துட்டு நாம கேக்கல. இப்ப அத கூரைக்கு மேல ஏத்திட்டாங்க.

கூரைன்னதும் கூலிங் டவர். காலி மனை ஹோட்டலுக்கு ஏசியோட சூட்ட தண்ணி விட்டு வெளிய தள்ளற கூலிங் டவர் வைக்கறதா பிளான்ல இருக்கு, அது வச்சிருக்கற இடம் நம்ம பக்கம் பாத்து. 1976 ஜூலைல ஃபிலடெல்ஃபியாவுல ஒரு பெரிய ஹோட்டல்ல அமெரிக்கன் லீஜன்ங்கற முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்துச்சு, அதுக்கப்புறம் ஒரு புது மாதிரி நிமோனியா வந்து 34 பேர் இறந்தாங்க. அதுல கொஞ்சம் பேர் ஹோட்டலுக்குள்ளயே போகல, வெளிய ரோட்டுல நடந்து போனவங்க. என்ன கிருமின்னு 1977 ஜனவரிலதான் சொன்னாங்க, லீஜனெல்லான்னு அதுக்குப் பேரும் அப்படி வந்ததுதான். வெதுவெதுப்பா தேங்கற தண்ணில, 20ல இருந்து 45 டிகிரி வரைக்கும், அது நல்லா வளரும், கூலிங் டவர்ல இருந்து வர்ற நீர்த்துளியோட காத்துல போகும். ஒழுங்கா கழுவி மருந்து போட்டு பரிசோதனை பண்ணா ஆபத்து ரொம்பக் குறைஞ்சிடும். அதனால நாம கேட்டது டவர் வேணாம்னு இல்ல. இடத்த எதிர்ப்பக்கம் மாத்துங்க, தண்ணி பரிசோதனை ரிப்போர்ட்ட எங்களுக்கும் ஒரு காப்பி குடுங்கன்னுதான். இடம் மாத்தறதுக்கு சரின்னுட்டாங்க. ரிப்போர்ட் விஷயத்துல பதில் வரல.

சத்தத்தப் பத்தி நம்ம உறுப்பினர்களுக்குள்ளயே மனஸ்தாபம் இருக்கு, அதனால கவனமா எழுதறேன். நடுத்தெருவுல ரொம்ப வருஷமா பாட்டுக் கச்சேரி நடக்கற ஒரு சின்ன இடம் இருக்கு, புது ஹோட்டல் வந்ததும் ரூம்ல தங்கறவங்க புகார் குடுத்து அத மூட வச்சிடுவாங்களோன்னு அதோட சொந்தக்காரர் பயப்படறார். இதுக்கு சில நாடுகள்ல ஒரு விதி வந்திருக்கு, புதுசா வர்றவங்கதான் சத்தத்தத் தடுக்கற செலவ ஏத்துக்கணும், ஏற்கனவே இருக்கறவங்க இல்ல. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல 2014லயும் இங்கிலாந்துல 2018லயும் இத பிளானிங் விதில சேத்தாங்க. எனக்கு இது ரொம்ப நியாயமா படுது. ஹோட்டல்காரங்க அந்தப் பக்க ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி போடணும்னு நம்ம கடிதத்துல சேத்திருக்கோம். அதே நியாயம் திருப்பியும் பொருந்தும்ங்கறதயும் சொல்லணும், புதுசா வர்ற ரெஸ்டாரண்ட் மொட்டை மாடில ஸ்பீக்கர் வச்சா, ஏற்கனவே இங்க தூங்கறவங்க நாமதான், அவங்கதான் அடக்கிக்கணும்.

நடைபாதைல மேஜை நாற்காலி போடற விஷயம் சுருக்கமா. நான் அதுக்கு ஆதரவு, தெருவுல ஜனங்க உக்காந்திருந்தா தெரு பத்திரமா இருக்கு. கோபன்ஹேகன்ல ஸ்ட்ரோகெட்ங்கற மெயின் தெருவுல 1962ல வண்டிய நிறுத்தினப்ப கடைக்காரங்களே வியாபாரம் போயிடும்னு எதிர்த்தாங்க, கடைசில அங்க ஜனமும் வியாபாரமும் கூடத்தான் செஞ்சுது. ஆனா வீல் சேர் திரும்பறதுக்கு ஒன்றரை மீட்டர் வேணும், நம்ம உறுப்பினர் ஒருத்தர் வீல் சேர்ல போய் அளந்து காட்டினார், நாலு இடத்துல அவரால திரும்ப முடியல. தரைல பெயிண்ட்ல கோடு போட்டுத் தர்றோம், அதுக்கு உள்ள மட்டும் மேஜைன்னு பேசி முடிச்சாச்சு.

ஹோட்டல் எத்தன வரலாம்னு ஒரு எல்லை வேணுமாங்கற கேள்விய போன பொதுக்குழு செயற்குழுகிட்ட விட்டிருந்தீங்க. படிச்சுப் பாத்தோம். பார்சிலோனாவுல 2015ல புது ஹோட்டல் அனுமதிய நிறுத்தி வச்சு, 2017ல நகரத்த மண்டலமா பிரிச்சு ஒரு திட்டம் போட்டாங்க, நடு நகரத்துல ஒரு ஹோட்டல் மூடினாலும் அதுக்குப் பதில் இன்னொண்ணு வர முடியாது. ஆம்ஸ்டர்டாம்ல 2024ல, ஒண்ணு மூடினாத்தான் இன்னொண்ணு, படுக்கை எண்ணிக்கை ஏறக்கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. ரெண்டு ஊரும் சுற்றுலாக் கூட்டம் தாங்க முடியாம அங்க வந்து நின்ன ஊருங்க. நம்ம டவுன்டவுன்ல இன்னும் மூடின ஷட்டர்தான் அதிகம், அதனால இப்ப எண்ணிக்கைக்கு எல்லை கேக்கறது சரியில்லன்னு செயற்குழுல பெரும்பான்மை முடிவு. ஒரே ஒரு கவலை எனக்குத் தனிப்பட்ட முறைல இருக்கு, குடியிருக்கற வீட்ட காலி பண்ண வச்சு நாள் வாடகைக்கு விடறது, அது ஹோட்டல விட மோசம், ஏன்னா அதுக்கு பின்வாசலும் இல்ல, மேனேஜரும் இல்ல, புகார் சொல்ல ஆளும் இல்ல. இந்த வருஷம் நம்ம கட்டடங்கள்ல இருந்து ரெண்டு குடும்பம் இப்படிப் போச்சு. குடியிருக்கற வீட்ட மாத்தக்கூடாதுன்னு ஒரு தீர்மானம் பொதுக்குழுல வைக்கறேன், வீட்டுச் சொந்தக்காரங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும், கூட்டத்துல பேசுவோம்.

வேல செய்யறவங்களப் பத்தி யாருமே பேசல, அதனால நான் சேத்துக்கறேன். ஹோட்டல் மூணு ஷிஃப்ட் ஓடும். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்றவங்களுக்கு அந்த நேரத்துல பஸ் கிடையாது, பின்வாசல் சந்துல விளக்கும் கிடையாது. ரூம் சுத்தம் பண்ற பொண்ணுங்க அந்தச் சந்து வழியாத்தான் போகணும். அதனால சந்துக்கு விளக்கு போடச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதின கடிதத்துல, காரணம்னு அவங்களத்தான் எழுதினேன். கடைசி பஸ் நேரத்த தள்ளி வைக்கச் சொல்லியும் எழுதியிருக்கோம். முடிஞ்சா நம்ம ஏரியாப் பிள்ளைங்களுக்கும் அங்க வேல கிடைக்கணும், முதல் ஹோட்டல்ல பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது சங்கத்துக்குச் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க.

மீதி உணவு விஷயம் ஆரம்ப நிலைலதான் இருக்கு. ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல போட்ட அறிக்கைல, 2022ல உலகத்துல வீணான உணவு 105 கோடி டன், அதுல 28 சதவீதம் ஹோட்டல், ரெஸ்டாரண்ட் மாதிரி இடங்கள்ல. நம்ம தெருவுல மூணு ரெஸ்டாரண்ட் ராத்திரி மீதிய குடுக்கத் தயார், வாங்கிட்டுப் போய் நேரத்துக்குச் சேக்கற ஆள்தான் வேணும், முன்வர்றவங்க பேர் குடுங்க.

இனி நிலுவைல இருக்கறது. காலி மனை ஹோட்டலோட திருத்தின பிளான் அடுத்த மாசம் பொதுமக்கள் பார்வைக்கு வருது, கருத்து சொல்ல நாள் கொஞ்சம்தான் இருக்கும். பெரியவருக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு இன்னும் டிராயிங் படிக்க முடியல, அதனால பிளான் படிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர் வேணும், தெரியாதவங்களுக்கும் பெரியவர் வாய்ல சொல்லித் தர்றேன்னு சொல்லியிருக்கார், அவர் வீட்டுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம். பொதுக்குழு முடிஞ்சதும் எல்லாரும் சேந்து பின்பக்கச் சந்துல ஒரு நட போறோம், லோடிங் பே எங்க வருது, டவர் எந்தப் பக்கம் மாறுதுன்னு நேர்ல காட்டறேன். விளக்கு இன்னும் வரல, டார்ச் கொண்டு வாங்க, குழாய்க்குத் தோண்டின பள்ளம் மூடாம இருக்கு, நல்ல செருப்பா போட்டுட்டு வாங்க.

இப்படிக்கு,
செயலாளர்